சித்திரத்துக்குச் சிந்திய கண்ணீர்

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் அது எப்படி இருந்தது என்று கேட்டால், கதையைச் சொல்லாமலும் குணதோஷங்களை எடுத்துக் காட்டாமலும், "அழுதுவிட்டேன்" என்ற ஒரே வார்த்தையால் பதில் சொல்லிவிடும் வழக்கம், குடும்பத்தோடு பார்ப்பதற்கென்று எடுக்கப்படும் அனிமேஷன் படங்களைப் பொறுத்தவரை விமரிசனத்தின் ஸ்தானத்தையே ஏறக்குறையப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வார்த்தையை அலட்சியமாக ஒதுக்க நான் விரும்பவில்லை. கோட்டினாலும் வர்ணத்தினாலும் ஆன ஓர் உருவம், எங்கும் பிறந்து வளர்ந்திராத ஒரு கிழவன், பனியில் தாயைத் தேடும் ஒரு மான்குட்டி, வயதும் அனுபவமும் நிறைந்த மனிதனின் தொண்டையை அடைக்கச் செய்யுமானால், அது கலை அடையக்கூடிய பெரிய சித்திகளில் ஒன்று. ஆயினும் அந்த அழுகை எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது, எதைக் காணச் செய்து எதை மறைத்துவிடுகிறது என்று ஆராயாமல், அதையே முடிந்த தீர்ப்பாகக் கொள்வது படத்துக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கட்சி.

இந்த வழக்கம் அமெரிக்காவின் முழுநீளச் சித்திரப் படத்தோடு உடன்பிறந்தது. வால்ட் டிஸ்னி 'ஸ்நோ ஒயிட்' கதையை 83 நிமிஷப் படமாக எடுக்க முற்பட்டபோது, ஏழெட்டு நிமிஷம் சிரிக்க வைப்பதற்கென்றே ஏற்பட்ட கார்ட்டூனை இவ்வளவு நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று ஐயுற்ற ஹாலிவுட்காரர்கள், சுமார் 15 லட்சம் டாலரை விழுங்கிய அந்த முயற்சிக்கு 'டிஸ்னியின் மடமை' என்று பெயரிட்டிருந்தார்கள். 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கார்த்தே சர்க்கிள் தியேட்டரில் கூடிய சபையோ, உயிரற்றுக் கிடக்கும் பெண்ணைச் சுற்றிக் குள்ளர்கள் நின்று அழுத கட்டத்தில் தானும் சேர்ந்து அழுதது. படத்தில் உழைத்த ஓவியர்களுள் ஒருவரான வார்டு கிம்பல், நட்சத்திர நடிகர்கள் மூக்கைச் சிந்தும் ஓசையைக் கேட்டதுதான் தங்களுக்குப் பேராச்சரியமாக இருந்தது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கட்டத்துக் குள்ளர்களை வரைந்தவர் பிராங்க் தாமஸ். அதுவரையில் ஓயாது துள்ளியும் இடறி விழுந்தும் திரிந்த அவர்களை ஏறக்குறைய அசைவே இல்லாமல் நிறுத்திவிட்டு, கண்ணீர்த் துளி ஒன்று மட்டும் கன்னத்தில் உருண்டு இறங்கும்படி அவர் விட்டார். இயக்கத்தையே பிராணனாகக் கொண்ட ஒரு கலையில், இயக்கத்தை நிறுத்துவதனால் துக்கத்தைக் காட்டிய இந்த நுட்பம் இன்றளவும் வியக்கத்தக்கது. அன்று அழுதவர்களில் எத்தனை பேர் இதைக் கண்டார்களோ தெரியாது.

சித்திரம் நம்மை இவ்வளவு எளிதில் வசப்படுத்துவதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. நடிகன் திரையில் சாகும்போது, அவன் மறு வாரமே வேறு படத்தில் வேறு வேஷத்தில் வருவான் என்ற அறிவு நம் மனத்தின் ஒரு மூலையில் விழித்துக்கொண்டே இருக்கிறது. சித்திரத்தில் வரையப்பட்ட மனிதனுக்கோ அந்தக் கதைக்கு வெளியே வேறு வாழ்வே கிடையாது. அவன் முகம் யாருக்கும் சொந்தமில்லாத முகமாகையால், அவரவரும் தாம் இழந்தவரின் முகத்தை அதன்மேல் ஏற்றிப் பார்க்க முடிகிறது.

2009 ஆம் ஆண்டில் பீட் டாக்டர் இயக்கி பிக்சார் வெளியிட்ட 'அப்' படத்தை எடுத்துக்கொள்வோம்; கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த முதல் அனிமேஷன் படம் அதுவே. கார்ல், எல்லி என்ற இருவருடைய தாம்பத்திய வாழ்வு முழுவதும், உரையாடல் ஒன்றும் இல்லாமல், மைக்கேல் ஜியாக்கினோவின் வால்ட்ஸ் நடை இசையோடு மட்டும், சுமார் நான்கு நிமிஷங்களில் சொல்லப்படுகிறது. பாழடைந்த வீட்டைச் செப்பனிட்டுக் குடியேறுகிறார்கள். புதிதாக வர்ணமடித்த தபால் பெட்டியில் கார்லின் கை தவறிப் பதிந்துவிட, அதன் பக்கத்தில் எல்லி தன் கையையும் பதிக்கிறாள். குன்றின்மேல் படுத்து மேகங்களைப் பார்க்கையில் அவை குழந்தை வடிவம் கொள்கின்றன. தொட்டில் அறைக்கு வர்ணம் பூசுகிறார்கள். அடுத்த காட்சியில் வைத்தியரின் அறையில் எல்லி முகத்தைக் கைகளில் புதைத்து அமர்ந்திருக்கிறாள். நடந்ததை யாரும் விளக்குவதில்லை. தென் அமெரிக்காவில் உள்ள நீர்வீழ்ச்சிக்குப் போகவேண்டும் என்று உண்டியலில் சேர்த்த பணம் காரின் டயருக்கும், முறிந்த காலுக்கும், மரம் விழுந்த கூரைக்குமாக மீண்டும் மீண்டும் உடைக்கப்படுகிறது. ஆண்டுகள் கழிவதைக் காட்ட, காலைதோறும் அவள் அவனுக்குக் கட்டிவிடும் கழுத்துப்பட்டைகளின் நிறமாற்றமே போதுமானதாகிறது. கடைசியில் குன்றேறும்போது தளர்ந்து விழுவது அவன் அல்ல, அவள்.

தொல்காப்பியம் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு நிலைக்களங்களை வகுத்திருக்கிறது. பிறரால் இகழப்படுதல், உயிரையோ உடைமையையோ இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டுத் தாழ்தல், துய்க்கப்பெறாத குறை என்பது அவற்றின் பொருள். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நான்கு நிமிஷங்களுக்குள் இழவும் வறுமையும் எவ்வளவு நெருங்கப் பின்னிக் கிடக்கின்றன என்பது புலனாகும்: எல்லியின் மரணத்துக்கு மட்டும் சபை அழவில்லை, போகாமலே போய்விட்ட அந்தப் பிரயாணத்துக்கும் சேர்த்தே அழுகிறது.

அந்தக் கட்டத்தில் தியேட்டரின் அரையிருளில் திரையை விட்டுவிட்டுச் சபையைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்கும். குழந்தைகள் பெரும்பாலும் அழுவதில்லை. முப்பரிமாணக் கண்ணாடியைச் சற்றே உயர்த்திப் புறங்கையால் கண்ணைத் துடைக்கும் அம்மாவையும், தொண்டையைச் செருமிக்கொள்ளும் அப்பாவையும் அவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வீட்டில் ஒளித்து வைக்கப்படும் துக்கம் பெரியவர்களுக்கும் உண்டு என்பதை, வீட்டுக்குச் சொந்தமில்லாத ஒரு கதையின் மூலமாக, பயமின்றி ஒரு குழந்தை அறிந்துகொள்ளும் இந்த க்ஷணத்துக்கு ஈடான உபகாரத்தை வேறு எந்தக் கேளிக்கை செய்கிறது? அழுகையைப் பரிகசிப்பவர்கள் இந்த ஒரு பயனையாவது எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனால் அழுதவர்கள் படத்தை என்ன செய்தார்கள்? முதல் பத்து நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை நாய்களும் பறவையும் துரத்தியோடும் வேடிக்கை என்று தள்ளிவிட்டார்கள். 'அப்' படத்தின் சிந்தனை அந்த மீதியில்தான் இருக்கிறது. மனைவி இறந்தபின் கார்ல் அந்த வீட்டையே அவளாகப் பாவித்து, பலூன்களில் கட்டிப் பறக்கவிட்டு, நீர்வீழ்ச்சியின் அருகே கொண்டுபோய் நிறுத்துகிறான். அவளுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது, மனமோ வெறுமையாக இருக்கிறது. எல்லியின் பழைய சாகசப் புத்தகத்தைப் புரட்டி, இனிச் செய்யவேண்டியவை என்று அவள் சிறுமியாக இருந்தபோது எழுதி வைத்த பக்கத்தோடு மூடப்போகிறான். அப்போது அதற்கு அப்பால் அவள் ஒட்டிவைத்த படங்கள் கண்ணில் படுகின்றன: கல்யாணம், பிறந்தநாள், இரண்டு நாற்காலிகளில் இருவரும் அமர்ந்திருத்தல். சாதாரண வாழ்வையே அவள் சாகசமாகக் கணக்கு வைத்திருக்கிறாள். உடனே அந்தக் கிழவன், அதுவரை ஒரு துரும்பையும் தொடவிடாமல் காத்த சாமான்களையெல்லாம் வெளியே தள்ளி வீட்டின் பாரத்தைக் குறைத்து, பயணத்தில் கூடவந்து ஆபத்தில் சிக்கிய சிறுவனைத் தேடிப் பறக்கிறான். முதல் பகுதியில் நாம் குறையென்று எண்ணி அழுதது குறையே அல்ல என்று படம் இங்கே நமக்கு மறுத்துரைக்கிறது. தொடக்கத்து அழுகையோடு ரசனையை நிறுத்திக்கொண்டவர், படம் தம்முடைய அழுகையைத் திருத்த வந்த இடத்தைத் தவறவிட்டவர் ஆகிறார்.

கண்ணீர் விலைபோகிறது என்று கண்ட தயாரிப்பாளர்கள், தாத்தாவின் மரணம், பொம்மையின் பிரிவு, விடைபெறும் பாட்டு என்று அதற்குரிய இடங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளவும் பழகிவிட்டார்கள் என்பது மற்றொரு தீமை. இதற்கு மாறான ஒரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். மெக்சிகோ மக்கள் இறந்தோரை வரவேற்கும் திருநாளைப் பொருளாகக் கொண்ட 'கோகோ' 2017 இல் அங்கே வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. முதலில் ஆடம்பர மேடைப் பாட்டாக வரும் ஒன்று, முடிவில் நினைவிழந்த மூதாட்டியின் காதில் மெல்லப் பாடப்படுகையில் அழாதவர் அரிது. ஆனால் 2013 இல் அந்தத் திருநாளின் பெயரையே வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்ய டிஸ்னி நிறுவனம் விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. அப்போது கண்டனச் சித்திரம் வரைந்த லாலோ அல்கராஸ் என்பவரே பின்னர் படத்துக்கு ஆலோசகராக அழைக்கப்பட்டார். அந்தப் படம் மெக்சிகோ மக்களின் வீட்டுப் படமாக அமைந்ததில், அழுத ரசிகர்களுக்கு முன்னே கோபித்த ரசிகர்களுக்கும் பங்கு உண்டு.

கண்ணீர் ஒரு படத்தை எவ்வளவு தூரம் மறைக்கக்கூடும் என்பதற்கு இஸாவோ தகஹாட்டாவின் 'மின்மினிகளின் கல்லறை'யைப் போன்ற உதாரணம் வேறில்லை. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில், ஹயாவோ மியாசாகியின் குதூகலமான 'டோட்டோரோ'வோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டப்பட்ட படம் அது. போரில் தங்கையைப் பசிக்கு இழந்த அகியுகி நொஸாகா 1967 இல் எழுதிய கதையைத் தழுவியது. அண்ணன் ஸெய்டா இறந்துவிட்டான் என்பதை முதற் காட்சியிலேயே சொல்லிவிட்டுத்தான் கதை தொடங்குகிறது. மேலே சொன்ன நான்கு நிலைக்களங்களும் இதில் கூடுகின்றன: தாய் குண்டுவீச்சில் மாள்கிறாள், கடற்படை அதிகாரியின் மக்கள் அண்டிப் பிழைக்கும் நிலைக்குத் தாழ்கிறார்கள், அண்டிய வீட்டு அத்தை, உண்ணும் சோற்றைச் சொல்லிக் காட்டி இகழ்கிறாள், நாலு வயதுச் செட்சுகோ, பசிமயக்கத்தில் கோலிக்குண்டை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டு, மண்ணை உருட்டிச் சோற்றுருண்டை என்று அண்ணனுக்கு நீட்டுகிறாள்.

அந்த மண்ணுருண்டையைக் கண்டபின் எதையும் தெளிவாகப் பார்க்கும் சக்தி யாருக்கு இருக்கும்? ஆகையால்தான் உலகெங்கும் அழுதவர்கள், போரின் கொடுமை என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்துபோகிறார்கள். தகஹாட்டாவோ, இது வெறும் போர் எதிர்ப்புப் படம் என்ற பேச்சை மறுத்தவர். சமூகத்தை விட்டு விலகித் தாமே வாழ முயன்று தோற்ற இரண்டு பிள்ளைகளின் வாழ்வைக் காட்டவே அவர் விரும்பினார். அத்தையின் சுடுசொல்லைப் பொறுக்காமல், தங்கையை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக் குகைக்குக் குடிபோகத் தீர்மானித்தவன் ஸெய்டா. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள் என்று ஒரு குடியானவர் சொல்லியும் போகாதவன் அவன். தாய் விட்டுச்சென்ற பணத்தில் எஞ்சியதை வங்கியிலிருந்து எடுத்துவர அவன் கடைசியாகப் போகும்போது, ஜப்பான் சரணடைந்துவிட்டதும், தந்தையின் கப்பல்கள் மூழ்கியதும் அவனுக்கு அங்கேதான் தெரிகின்றன. பதினாலு வயதுப் பிள்ளையின் ரோஷத்தைக் குற்றமென்று சொல்ல நமக்கு மனம் வராது; ஆனால் அந்த ரோஷமும் தங்கையின் மரணத்துக்கு ஒரு காரணம் என்பதைப் படம் ஒவ்வொரு படியாக நம் கண்முன் வைத்திருக்கிறது. செட்சுகோவுக்காக அழுதவர் அண்ணனையும் ஒரு பாவமறியாத பலியாகவே எண்ணிக்கொண்டு போய்விட்டால், இறந்துபோன ஸெய்டாவே ஆவியாக நின்று தன் செயல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும்படி தகஹாட்டா ஏன் அமைத்தார் என்பதற்கு அப்படி அழுதவரிடம் விடை இராது.