கலிங்கத்துப்பரணி மறைத்த மன்னன்

சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைப் போர்க்களச் சுவைக்காகவே பயில்வார் பலர். கருணாகரத் தொண்டைமான் கலிங்கம் எறிந்த செய்தியினும், இராச பாரம்பரியம், அவதாரம் என்னும் இரு பகுதிகளே கூர்ந்து நோக்கற்பாலன. முதற் குலோத்துங்கனுக்குச் சோழர் முடி எவ்வாறு உரியதாயிற்று என்னும் வினாவுக்குப் புலவர் விடைகூற முயல்வது ஆண்டேயாம்.

வினா எளியதன்று. தந்தைவழியில் அவன் வேங்கிநாட்டுக் கீழைச் சாளுக்கியன். இராசராச நரேந்திரன் மைந்தன். தாய் அம்மங்கைதேவி கங்கைகொண்ட இராசேந்திரன் மகளாதலின், சோழருக்கு அவன் மகள்வயிற்றுப் பேரனே. 1070இல் வீரராசேந்திரன் இறந்தபின் அவன் மகன் அதிராசேந்திரன் அரசனானான். சின்னாளிற் கலகத்தில் மாண்டான். அவ்வாண்டே குலோத்துங்கன் அரியணை ஏறினான்.

பரணியிலோ அதிராசேந்திரனைக் காணோம். அவன் பெயரிற் பொறித்த கல்வெட்டுக்கள் இருக்கவும், வீரராசேந்திரனை அடுத்து அபயனையே வைக்கிறார் புலவர். அதற்கு அவர் கையாண்ட உத்தி மிகக் கூரியது. சோழர் மரபை நாரதர் கரிகாலனுக்கு முன்னரே உரைத்தாராம். கரிகாலன் அதனை இமயத்திற் பொறித்தானாம். முதுபேயொன்று அதனைக் கண்டுவந்து காளிக்கு மொழிந்ததாம். நடந்து முடிந்த வரலாறு இவ்வாறு வருவதுரைத்தலாக மாறிவிடுகின்றது. முனிவர் வாக்கில் இல்லாத ஒருவனை யார் தேடுவர்?

அவதாரப் பகுதியில் அபயன் திருமாலின் பிறப்பாகிறான். இளவரசுப் பட்டமும் பெறுகிறான். உரிமை ஐயமின்றி விளங்கியிருப்பின் இத்துணைச் சான்று வேண்டியதில்லை. அவன் வடதிசைப் போரில் இருக்கையில் மன்னன் இறக்க, தென்னாட்டில் வேள்வி குன்றி, அறநெறி பிறழ்ந்து, கோயில்களும் பாழ்பட்ட நிலையைப் புலவர் பாடுமிடமே என் கருத்தில் மிகச் சிறந்தது. அக்குழப்பம் வெறுங் கற்பனையன்று. முதலாம் விசயபாகு பொலன்னறுவையினின்று சோழரை அகற்ற அது துணையாயிற்று என்பதை ஈழ வரலாறு பயின்றோர் அறிவர். ஆயின் குழப்பத்தை விளைத்தவர் யாவர்? புலவர் வாய்திறவார். முடிக்குரிய மகனை நீக்கியதனால், அரியணை வெறிதாய்க் கிடந்தமையே கேட்டிற்குக் காரணம்போலத் தோன்றுகிறது. கொலையுண்டவன் மறைய, வந்தவன் காவலனாகிறான்.

மேலைச் சாளுக்கியர் அவைப்புலவனான பில்கணன், விக்கிரமாங்கதேவ சரிதத்தில் மறுபக்கத்தைக் காட்டுகிறான். தன் மன்னன் கங்கைகொண்ட சோழபுரம்வரை சென்று மைத்துனனை அரியணையில் இருத்தி மீண்டான் என்றும், பின்னர் அம்மைத்துனன் கலகத்தில் மடிய, இராசிகன் நாட்டைக் கவர்ந்தான் என்றும் அவன் கூறுவான். இராசிகன் என்றது குலோத்துங்கனையே. பில்கணனும் பரிசிலுக்குப் பாடியவன்தான். அவனை முற்றும் நம்புதற்கில்லை. எனினும் இறந்தவனுக்கு அவன் நூலில் ஓர் இடமுண்டு.

ஒட்டக்கூத்தர் விக்கிரமசோழனுலாவில் வீரராசேந்திரனுக்கும் குலோத்துங்கனுக்கும் இடையே பெயர் சுட்டாது ஒருவனைக் குறிக்கிறார். அவனை அதிராசேந்திரன் எனக் கொள்வர். குலோத்துங்கனின் மகன் அவையிலேனும் அவ்வளவு கூற இயன்றது.