எந்தப் புகை முதலில்?

எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் தடுக்கி விழுந்தால் நம்மவர்கள். ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் நயாகரா, சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர் என்று அலைவார்கள். ஹட்சன் கரை வீஹாக்கனை மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் ஹாமில்டன்-பர் மோதலை நடித்துக்காட்டுகிறார்கள், வாருங்கள் என்றால், "ரெண்டு பேர் பழைய கோட்டு மாட்டிக்கிட்டு டுமீல்னு சுட்டுக்குவாங்க, அதானே?" என்கிறார்கள். அதில்லை சாமி!

கதை சின்னது. 1804 ஜூலை 11, காலை நேரம். அமெரிக்கத் துணை அதிபர் ஆரன் பர், முன்னாள் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன்; பல வருஷப் பகை. பத்துத் தப்படி தள்ளி நின்று ஒண்டிக்கு ஒண்டி. ஹாமில்டனுக்கு இடுப்புக்கு மேல் குண்டு பாய்ந்தது, மறுநாள் இறந்தார். மீதியை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம்.

இனிமேல்தான் விஷயம். ஆளுக்கொரு துணையாள் வந்திருந்தார்கள்: ஹாமில்டனுக்குப் பெண்டில்டன், பர்ருக்கு வான் நெஸ். இரண்டு பேருமே கண்ணால் பார்த்த சாட்சி, ஆனாலும் யார் முதலில் சுட்டது என்பதில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஹாமில்டன்தான் முதலில் சுட்டார், புகை விலகட்டும் என்று பர் சில நொடி பொறுத்துச் சுட்டார் என்பது வான் நெஸ் கட்சி. குண்டு பட்ட அதிர்ச்சியில் ஹாமில்டனின் துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது என்பது பெண்டில்டன் கட்சி. அவர் ஹாமில்டன் இறந்த மறுநாள் அங்கே திரும்பிப் போய், ஹாமில்டனின் குண்டு துளைத்த மரக்கிளையையும் தேடிக் கண்டுபிடித்தார். தரையிலிருந்து பன்னிரண்டரை அடி உயரம்!

ஆகவே நடிகர்களின் முகத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு துப்பாக்கி முனையும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நில்லுங்கள். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் மேலே மருந்து 'சுர்'ரென்று பற்றும். கண்ணிமைக்கும் நேரம் கழித்துத்தான் வாயில் வெடிக்கும். எந்தப் பக்கம் முதலில் சுர்ரென்கிறதோ, அதை வைத்து அந்தக் குழு எந்தத் துணையாளின் கட்சி என்று சொல்லிவிடலாம்.

2015-ல் வந்த பிராட்வே இசை நாடகத்தில் ஹாமில்டன் வேண்டுமென்றே கையை அழகாக வானத்துக்கு உயர்த்துவார். அரங்கமே அழும். முதல் குண்டை வீணாக்கப்போவதாக ஹாமில்டன் முன்னாலேயே எழுதிவைத்தார், உண்மைதான். ஆனால் அன்று அங்கே நின்ற இரண்டு சாட்சிகளில் ஒருவரும் அப்படி நடந்ததாகச் சொல்லவில்லை. அந்தக் கையை அப்படியே காப்பியடிக்கிற குழுவுக்குப் பாட்டு தெரியும், வழக்கு தெரியாது. விமர்சகர்களைக் கேட்கவே வேண்டாம். கோட்டுப் பொத்தான் பித்தளையா என்று குனிந்து பார்க்கிற நேரத்தில் சண்டை முடிந்திருக்கும்.

டாக்டரையும் கவனியுங்கள். கூடவே வந்தவர், "நான் பார்க்கவில்லை" என்று பின்னால் சாட்சி சொல்ல வசதியாக விலகி நின்றார். ஒண்டிக்கு ஒண்டி சட்டவிரோதம். முடிந்ததும் பர்ரின் முகம் தெரியாமல் வான் நெஸ் குடையை விரித்து மறைத்துக் கூட்டிப்போனார். குடை கொண்டுவராத குழுவுக்கு நான் கைதட்டுவதே இல்லை.

2004-ல் இருநூறாம் ஆண்டுக்கு இரண்டு குடும்பத்து வாரிசுகளே அங்கே எதிரெதிரே நின்று நடித்தார்கள். நமக்குள் இருக்கட்டும், நான் வான் நெஸ் கட்சி. சும்மா காற்றில் சுடப்போகிறவர் சுடுவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எதற்குக் குறி பார்த்தார்?