வீட்டுக்கு வந்த கீமோ, வீட்டுக்கு வராத உதவி

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2024இல் ஐ.நா. விருது பெற்றது. தகுதியான பாராட்டுதான். பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுக்கையில் கிடப்பவர்களைச் செவிலியர் வந்து பார்க்கிறார். ஆனால் பெரியவர்களின் நோய்களை மனத்தில் வைத்து வகுத்த திட்டம் அது. திண்டுக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளையின் அம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறது?

பிள்ளைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான். சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நீளும். முதல் சில மாதங்கள் மதுரையிலோ சென்னையிலோ ஆஸ்பத்திரியில் கழியும். மிச்சமுள்ள நீண்ட காலத்தில் பெரும்பகுதி வீட்டில்தான். கீமோ அப்போது மாத்திரையாக வருகிறது: மெர்காப்டோப்யூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை. வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பிளட் கவுண்ட் பார்த்து அளவு மாறும்; அரை மாத்திரை ஒரு நாள், முழு மாத்திரை மறுநாள் என்றும் எழுதித் தருவார்கள். காலண்டரில் வார மாத்திரைக்கான வியாழக்கிழமைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு இந்தக் கணக்கைக் காப்பது அம்மாவோ அம்மாச்சியோதான். நூற்றுக்கு ஐந்து வேளைக்கு மேல் தவறினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு நர்ஸின் வேலையை, பயிற்சியும் சம்பளமும் இல்லாமல் இவர்கள் செய்கிறார்கள்.

இவர்களுக்கான உதவிகள் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகின்றன. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அது இல்லையென்றால் பல குடும்பங்கள் முதல் மாதத்திலேயே சிகிச்சையைக் கைவிட்டிருக்கும். ஆனால் அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது, வேடசந்தூர் மில்லில் அம்மா இழந்த ஷிப்டுக்கு வராது. புற்றுநோயாளிகளுக்கான ரயில் சலுகை சென்னை போகிறவர்களுக்குப் பெரிய துணை. மதுரைக்குப் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு அதனால் பயனில்லை. செயின்ட் ஜூட் போன்ற அமைப்புகள் பெருநகரங்களில் இலவசமாகத் தங்க இடம் தருகின்றன. ஊர் திரும்பிய பின்?

காய்ச்சல்தான் பெரிய பயம். கவுண்ட் இறங்கியிருக்கும்போது 100.4 டிகிரியைத் தொட்டாலே அவசரம். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் ‘மக்களைத் தேடி’யின் உண்மையான பலம் கைகொடுக்கும். வீடுகளுக்கு மாத்திரை கொண்டுவருகிறவர் அதே ஊர்ப் பெண். “என்னக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா?” என்று உரிமையோடு கேட்க அவரால் முடியும். ‘ஒட்டிக்குமோ’ என்று ஒதுங்கும் பக்கத்து வீட்டிலும் அவர் பேச்சு எடுபடும். அவரைப் புற்றுநோய் நர்ஸாக்க வேண்டாம். ஏற்கெனவே சுமை அதிகம். ஒரு தெர்மாமீட்டர், ‘கீமோ பிள்ளை, உடனே பார்க்கவும்’ என்று ஃபைலில் ஒட்டிய சீட்டு, இரவிலும் எடுக்கப்படும் ஒரு போன் நம்பர், இவை அந்த வீட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

கூலி இழப்பை ஈடுகட்டவும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. காசநோயாளிகளின் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயும் நேராக வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். அதே வழியில், வீட்டில் மாத்திரை கொடுக்கும் அந்த அம்மாவின் கணக்கிலும், பிள்ளையின் கடைசி மாத்திரை முடியும் வரை, மாதாமாதம் ஒரு தொகை போடலாம்.