சுருட்டுப் பட்டறையில் வாசித்தவர்கள்

அமெரிக்காவில் கியூபாவின் தடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1959இல் தொடங்கி மயாமியில் முடித்துவிடுகிறார்கள். காஸ்ட்ரோ, பன்றிகள் விரிகுடா, ஏவுகணை நெருக்கடி, புளோரிடா வாக்குகள். வரிசையில் பிழையில்லை, தொடக்கத்தில்தான் பிழை. என் கணக்கில் கதை 1880களில், புளோரிடாவின் டாம்பா நகரை ஒட்டிய ஈபோர் சிட்டியின் சுருட்டுப் பட்டறைகளில் ஆரம்பிக்கிறது.

அங்கே லெக்தோர் என்று ஒருவர் இருப்பார். வரிசை வரிசையாகக் கியூபத் தொழிலாளர்கள் குனிந்து புகையிலை சுருட்டிக்கொண்டிருக்க, உயரமான மேடையில் அமர்ந்து உரக்க வாசிப்பது அவர் வேலை. முதலில் செய்தித்தாள், பிறகு நாவல். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல, தொழிலாளர்கள். எதை வாசிப்பது என்பதும் அவர்கள் முடிவு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் செர்வான்டிஸும் சோலாவும் அத்துப்படி. நியூயார்க்கில் வாழ்ந்த கியூபக் கவிஞர் ஹோசே மார்த்தி 1891 நவம்பரில் டாம்பாவுக்கு வந்து பேசியபோது, கேட்டுப் பழகிய காதுகள் காத்திருந்தன. அடுத்த ஆண்டே கியூபப் புரட்சிக் கட்சி பிறந்தது, அதுவும் அமெரிக்க மண்ணில். ஸ்பெயினை எதிர்த்த போருக்குச் சுருட்டுக் கூலியிலிருந்து காசு போயிற்று. 1895இல் மார்த்தி களத்தில் விழுந்தார். 1898இல் ஹவானா துறைமுகத்தில் மெய்ன் கப்பல் வெடித்துச் சிதறியது; அமெரிக்கா போரில் இறங்கியது. கியூப மண்ணில் உள்ள குவாண்டனமோ அமெரிக்கத் தளம் அதன் மிச்சம்.

இசையைப் பற்றி எழுதுவோர் இந்த அரசியலைத் தொடுவதில்லை. அரசியல் எழுதுவோருக்கு இசை காதில் விழுவதில்லை. 1947இல் சானோ போசோ என்ற கறுப்பினக் கியூபர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவில் சேர்ந்து காங்கா மேளம் முழக்கினார். ஜாஸின் நடையே மாறியது. மறு ஆண்டு போசோ ஹார்லெம் மதுக்கடையொன்றில் சுடப்பட்டு இறந்தார். அமெரிக்கர்களின் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தவர் வேறு ஆள்: 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரின் தேசி அர்னாஸ். கியூபாவின் சான்டியாகோ நகர மேயரின் மகன். ஆப்பிரிக்க வழித் தெய்வமான பபலுவின் பெயரைக் கூவிப் பாடியே புகழ் பெற்றார். தாளம் கறுப்பருடையது, தொலைக்காட்சியில் தெரிந்த முகம் வெள்ளையருடையது. இந்தப் பங்கீட்டைப் பற்றி இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை.

1980இல் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகேறி வந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் 'ஸ்கார்ஃபேஸ்' திரைப்படம் அவர்களுக்குப் போதைக் கடத்தல்காரன் முகமூடி மாட்டியது. எலியன் கோன்சாலஸ் என்ற கியூபச் சிறுவனை, தந்தையிடம் ஒப்படைக்கக் கூட்டாட்சிக் காவலர் 2000 ஏப்ரலில் மயாமி வீட்டிலிருந்து தூக்கிச் சென்றனர். அந்த நவம்பரில் புளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 வாக்கில். சிறுவனுக்காக மயாமிக் கியூபர்களிடம் மூண்ட கோபம் அதில் எவ்வளவு என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. 537ஐவிடக் குறைவு என்று நம்புவதுதான் கடினம்.

மறுபடி பட்டறைக்கு வருவோம். ஈபோர் சிட்டியில் 1931இல் முதலாளிகள் லெக்தோர்களை விரட்டினார்கள்; அந்த இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது. 1985இல் அமெரிக்க அரசு கியூபாவை நோக்கி வானொலி ஒன்று தொடங்கி, அதற்கு 'ரேடியோ மார்த்தி' என்று பெயர் வைத்தது. ஹவானா விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

சிறுவயதில் கியூபாவிலிருந்து மயாமிக்கு வந்து சேர்ந்த நாடகாசிரியர் நீலோ குரூஸ், 2003இல் புலிட்சர் பரிசு பெற்றுத் தந்த தன் நாடகத்தின் கதையை அந்த நகரத்தில் அமைக்கவில்லை. 1929இன் ஈபோர் சிட்டியில் அமைத்தார். பட்டறைக்குப் புதிதாக வரும் லெக்தோர் அதில் வாசிப்பது டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'.