இடுப்போரம் சுண்டும் பந்து

கிரிக்கெட்டிலேயே ஊறிய கண்ணுக்கு சாப்ட்பால் பிட்சரின் வீச்சு முதல் பார்வையில் பிடிபடுவதில்லை. ஓட்டம் கிடையாது. கை தலைக்கு மேலே போகிறது, ஆனால் பந்து அங்கே விடுபடுவதில்லை. நின்ற இடத்திலிருந்து நெடிய ஓர் எட்டு. அந்த எட்டோடு சேர்ந்து கை முழு வட்டம் சுற்றி இடுப்போரம் இறங்கி, முன்கை இடுப்பை லேசாக உரச, மணிக்கட்டு சுண்டுகிறது. பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை போகிற வழியில் மானாவாரிக் காடுகளுக்குள் நிற்கும் காத்தாடிகளில் ஓர் இறக்கை மேலே போய்க் கீழே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வட்டத்தை ஒரு பெண்ணின் கை கண் சிமிட்டும் நேரத்தில் போட்டு முடிக்கிறது. ஆட்டக்காரர்களும் இதை விண்ட்மில் என்றே சொல்கிறார்கள்.

பெண்கள் ஆட்டத்தில் பிட்சரின் தட்டுக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 43 அடிதான். கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. எட்டு வைத்து முன்னால் வந்து விடுவதால் அந்த 43 அடியிலும் சில அடிகள் குறைந்துவிடும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்றி முடிக்க பேட்டருக்கு 0.4 விநாடிகூட முழுசாகக் கிடைக்காது. பந்தும் சின்னதல்ல. சுற்றளவு 12 அங்குலம். கிரிக்கெட் பந்து 9 அங்குலம்தான். இத்தனை பெரிய பந்து இத்தனை பக்கத்திலிருந்து வந்தும் மட்டையில் படாமல் போகிறது என்றால் வேகத்துக்கு மேலே வேறொன்று அதில் இருக்கிறது.

அது விரலில் இருக்கிறது. டிராப் பாலுக்கு விரல்நுனிகள் பந்தின் பின்புறமாக மேலே வழித்துக்கொண்டு வர வேண்டும். பந்து முன்னோக்கிச் சுழன்று, பேட்டர் மட்டையை நீட்டும் இடத்துக்குச் சற்று முன்பே கீழே விழும். ரைஸ் பாலுக்கு நேரெதிர். மணிக்கட்டைத் திருப்பிப் பந்துக்கு அடியிலிருந்து விரலை இழுத்துப் பின்சுழற்சி கொடுக்க வேண்டும். தாழ்வாகப் புறப்பட்டு மேல்நோக்கி வரும் அந்தப் பந்து, கண் எதிர்பார்க்கிற அளவுக்கு இறங்காது. மட்டை அதற்குக் கீழே வெட்டவெளியில் போகும். சேஞ்ச் அப் இந்த இரண்டையும்விட உயர்ந்த சங்கதி என்பேன். எட்டும் அதுதான், வட்டமும் அதுதான், கையின் வேகமும் துளி குறையாது. பந்து மட்டும் மெதுவாக வரும். ஒரு பெண் தன் உடம்பு முழுவதையும் சாட்சியாக வைத்துச் சொல்லும் அழகான பொய் அது. கை ஓர் அணு தயங்கினாலும் பொய் அம்பலமாகிவிடும். பந்து எல்லைக்கு அப்பால் கிடக்கும்.

இந்தக் கலை செழித்தது பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளில்தான். 1887இல் சிகாகோவில், ஒரு படகு மன்றத்தின் கூடத்துக்குள், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாக வைத்து ஆண்கள் விளையாட்டாகத் தொடங்கிய ஆட்டம் அது. 1972இல் அமெரிக்காவில் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்து, அரசுப் பணம் பெறும் கல்விக்கூடங்களில் பெண் என்பதற்காக எதையும் மறுக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கு உண்மையாகவே காசு செலவழிக்கத் தொடங்கின. அப்படி எழுந்த அணிகளில் எனக்கு மிகவும் பிடித்தது லாஸ் ஏஞ்சல்ஸின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணி, அதாவது யு.சி.எல்.ஏ. பட்டங்களுக்காக அல்ல; சங்கீதத்தில் பாட்டு குருவிடமிருந்து சீடருக்குப் போகிற மாதிரி அங்கே வீச்சு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்கிறது, அதற்காக.

1970களின் நடுவில் அந்த அணியை ஏற்றவர் ஷாரன் பேக்கஸ். அவரிடம் ஆடி 1978இல் தேசியப் பட்டம் வென்றவர்களில் ஒருவர் சூ என்குவிஸ்ட். அவர் பிறகு பேக்கஸுக்குத் துணையாக நின்று, பின்னர் தலைமைப் பயிற்சியாளரானார். 2007 முதல் அந்த இடத்தில் இருப்பவர் கெல்லி இனூயே பெரெஸ். அவரும் அங்கேயே கேட்சராக ஆடியவர்தான். அரை நூற்றாண்டில் மூன்றே தலைமைகள்; பின்வந்த இருவரும் முன்னவர் காலத்து மாணவிகள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு பெண்கள் சாப்ட்பாலை முதன்முதலில் நடத்தியது 1982இல். நம் மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே வருஷம்தான். அந்த முதல் பட்டத்தை யு.சி.எல்.ஏ. எடுத்தது: 8 இன்னிங்ஸ், 2க்கு 0. அன்றைக்குப் பிட்சர் வீசிய தூரம் 40 அடிதான், பேட்டர்கள் பாடு திண்டாட்டம். 1984 இறுதி ஆட்டத்தில் 7 இன்னிங்ஸில் முடிய வேண்டியது 13 வரை நீண்டு, டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 1க்கு 0 என்று வென்றார்கள். 13 இன்னிங்ஸுக்கு ஒரே ரன்! அந்த வருஷங்களின் பிட்சர் டெபி டூம். 1991 பான் அமெரிக்கன் போட்டியில் ஒரு பேட்டரைக்கூட பேஸ் ஏறவிடாமல் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களை முடித்தவர் அவர். 1980களின் கடைசியில் தூரம் 43 அடியானது. மட்டைக்கும் கொஞ்சம் மூச்சு கிடைத்தது.

லிசா ஃபெர்னாண்டஸ் பற்றி நிதானமாகவே சொல்ல வேண்டும். 1990 முதல் 1993 வரை அந்த அணிக்கு வீசினார். 93 வெற்றி, 7 தோல்வி. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எதிரணிக்கு அவர் கொடுத்தது 0.22 ரன். கடைசி வருஷத்தில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களிலேயே குறைவாக ரன் கொடுத்த பிட்சரும் அவர்தான், 0.510 சராசரியில் முதலிடம் பிடித்த பேட்டரும் அவர்தான். அந்த வருஷ இறுதியில் அரிசோனாவிடம் 1க்கு 0 என்று தோற்றார்கள். அவருடைய வீச்சில் என்னைக் கட்டிப்போடுவது, அவர் எதையும் பதுக்கி வைக்காமல் வீசுவது. முதல் பேட்டருக்கும் கடைசி பேட்டருக்கும் ஒரே முகம், ஒரே வேகம். சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 13 இன்னிங்ஸில் 25 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தும் ஆட்டம் 2க்கு 1 என்று கைவிட்டுப் போனது. அதே போட்டியின் இறுதி ஆட்டத்திலும் வீசி அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 1996, 2000, 2004 என்று அவருக்கு மூன்று தங்கங்கள்.

யு.சி.எல்.ஏ.வில் அவருடைய பந்தைப் பிடித்த கேட்சர்தான் மேலே சொன்ன இனூயே பெரெஸ். கேட்சர் தலைமைப் பயிற்சியாளரானதும் அந்தப் பிட்சரே பயிற்சியாளர்களில் ஒருவராக உடன் நின்று, புதுப் பிட்சர்களுக்குக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அவர்களிடம் வந்து சேர்ந்தவர் ரேச்சல் கார்சியா. முழங்கால் தசைநார் அறுந்து முதல் வருஷத்தை வெளியே உட்கார்ந்து கழித்தவர். 2019 அரையிறுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 10 இன்னிங்ஸ், 179 பந்துகள், 16 ஸ்ட்ரைக் அவுட். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பத்தாவது இன்னிங்ஸில் தானே மட்டையை எடுத்துக்கொண்டு போய் மூன்று ரன் தரும் ஹோம் ரனையும் அடித்து முடித்தார். இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், இன்னும் ஒரே அவுட் பாக்கி என்ற நிலையில் ஒக்லஹோமாவின் ஷே நைட்டன் கார்சியாவின் பந்தை வெளியே அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அந்த இன்னிங்ஸின் அடுத்த பாதியில் கின்ஸ்லி வாஷிங்டன் அடித்த அடியில் 5க்கு 4 என்று யு.சி.எல்.ஏ. வென்று பட்டத்தை எடுத்தது. என்சிஏஏ கணக்கில் அது 12ஆவது பட்டம். 1995இல் வென்ற இன்னொன்று, உதவித்தொகை விதிமீறலுக்காகப் பின்னர் பறிபோனது. அதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது.

கொங்குப் பக்கம் இந்த மாதிரி ஆட்டங்களைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் பி.டி. மாஸ்டர்களும் பி.டி. டீச்சர்களும்தான். அவர்களை உருவாக்கியதில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தின் மாருதி உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே பல்கலைக்கழக அணி என்பது கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் பார்த்துப் பொறுக்கி எடுக்கும் அணி. ஒரு கல்லூரியின் பிட்சரும் இன்னொரு கல்லூரியின் கேட்சரும் முகாமில்தான் முகம் பார்க்கிறார்கள். பழகுவதற்குள் அகில இந்தியப் போட்டி வந்துவிடுகிறது. கையுறை மாட்டும் முன் கோகோவோ ஈட்டி எறிதலோ ஆடிக்கொண்டிருந்த பெண்களே அதிகம். அப்படியும் வீச்சு கைவரப் பெறுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கோவையில் ஒரு கல்லூரி மைதானத்தில் அந்தப் பயிற்சியைக் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "இடுப்ப ஒரசிட்டு வரோணும் கண்ணு, கைய மடக்காத" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் திரும்பத் திரும்ப வீசினாள். சாப்ட்பாலின் உள்வட்டம் புல் இல்லாத வெறும் மண். நம்மூரில் அது செம்மண். வீசும்போது பின்கால் தரையை விட்டு எழாமல் இழுபட்டு வருவதால் பெருவிரல் மண்ணில் ஒரு கோடு போடும். தொடக்கத்தில் அவளுடைய கோடுகள் விசிறியாகப் பிரிந்து கிடந்தன; ஒவ்வொரு பந்துக்கும் ஒரு திசை. போகப் போக ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே பள்ளமாயிற்று. பந்து கேட்சரின் கையுறையில் விழும் சத்தமும் அதற்கேற்ப மாறியது. டீச்சர் பந்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்தே திருத்தினார். பிட்சரின் தரத்தை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

இந்தப் பெண்களில் யாராவது படிப்பு முடிந்து, வேலைக்குப் போன பிறகும், வாரத்தில் இரண்டு சாயங்காலம் அதே மைதானத்துக்கு வந்து இளையவர்களுக்கு மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினால் போதும். யு.சி.எல்.ஏ.வில் பேக்கஸ் வழியில் நடந்தது அதுதான். சம்பளமும் கட்டடமும் பிறகு வந்தவை.

ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் பக்கவாட்டில் உட்கார வேண்டாம். கேட்சருக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் இடம் பிடியுங்கள். டிராப் பால் விழுவதும் ரைஸ் பால் ஏமாற்றுவதும் அங்கிருந்துதான் தெரியும். முதல் சுற்று பேட்டர்களிடம் பிட்சர் எந்தப் பந்தைக் காட்டாமல் வைத்துக்கொண்டார் என்பதைக் கவனித்து வைத்தால், அதே பேட்டர்கள் மறுபடி வரும்போது ஆட்டத்தின் உள்ளே போய்விடலாம். 2028 ஒலிம்பிக்கில் சாப்ட்பால் திரும்ப வருகிறது. போட்டிகள் நடக்கப்போவது ஒக்லஹோமா சிட்டியில். ஃபெர்னாண்டஸும் கார்சியாவும் கல்லூரிப் பெண்களாகப் பட்டம் வென்ற அதே மைதானத்தில். அங்கே மாலை ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஆறு மணி.