துண்டுச்சீட்டில் இல்லாத கண்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. நான் வாசித்தேன். கருவுற்ற ஆறாவது வாரத்தில், பீளமேட்டு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து. குளுக்கோமா என்கிற கண்நீர் அழுத்த நோய்க்காக நான்கு ஆண்டுகளாகப் போட்டுவந்த டிமோலால் சொட்டு மருந்தின் சீட்டு அது.

கர்ப்பிணிகளிடம் போதிய ஆய்வுகள் இல்லை. கருவுக்கு நேரக்கூடிய ஆபத்தைவிடப் பயன் அதிகமென்றால் மட்டும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். எடைபோட வேண்டியது யார்? அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. மருந்துக்கடைத் தம்பி, “டாக்டரைக் கேளுங்கக்கா” என்றார். டாக்டர், “பயமா இருந்தா நிறுத்திக்குங்க” என்றார். அம்மாயி, “வவுத்துல இருக்கறதுதான் முக்கியம் கண்ணு” என்றார். எழுவாய் இல்லாத இடத்தில் நான் வந்து நின்றேன். நிறுத்தினேன். நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோது அழுத்தம் ஏறியிருந்தது. பார்வைப் புலத்தின் ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. இந்த நோயில் போன பார்வை திரும்பாது.

‘ஆய்வுகள் இல்லை’ என்பது தானாக நேர்ந்ததல்ல. கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்ட தாலிடோமைடு, கை கால் குறைபாட்டோடு ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த பின் 1961-ல் விலக்கப்பட்டது. அதன் பாடமாக, குழந்தை பெறக்கூடிய பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-ல் சொன்னது. 1993-ல்தான் அது மாறியது. காப்பாற்றுவதாகச் சொல்லிப் பெண்களை அறிவுக்கு வெளியே நிறுத்தினார்கள். பிறகு, அறிவு இல்லையே என்று நம்மிடமே சீட்டு நீட்டினார்கள்.

தெரிந்ததையாவது சொன்னார்களா? கண்ணில் விட்ட சொட்டு, கண்ணீர் வடியும் பாதை வழியே மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. தாய்ப்பாலுக்கும் போகிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் இரத்தத்தில் சேரும் அளவு குறையும். பால் கொடுத்த பிறகு சொட்டு விடலாம். குழந்தையின் இதயத்துடிப்பையும் மூச்சையும் மருத்துவர் கவனித்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத இந்த விரல் வைத்தியம் என் சீட்டில் ஒரு வரிகூட இல்லை. மருந்தை மீண்டும் தொடங்கிய இன்னொரு மருத்துவர்தான் என் விரலைப் பிடித்துக் காட்டினார்.

எல்லா எச்சரிக்கையும் வீண் என்று நான் சொல்லவில்லை. இதே நோய்க்குத் தரும் பிரிமோனிடின், கைக்குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தும், மூச்சையும் நிறுத்தக்கூடும். பால் கொடுப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். ஆகவேதான் ஒவ்வொரு மருந்தையும் பெயர் சொல்லிப் பேச வேண்டும் என்கிறேன். ‘எதற்கு வம்பு’ என்பது மருத்துவம் ஆகாது. நிறுத்துவதும் ஒரு சிகிச்சை முடிவுதான். அதற்கும் ஆபத்து உண்டு. கருவுறும் வயதில் இருப்பவளுக்கு மருந்து எழுதும் அன்றே இதைப் பேசிவிட வேண்டும்.

என் மகள் நலமாகப் பிறந்தாள். துண்டுச்சீட்டின் கணக்குப்படி ஆபத்து எதுவும் நேரவில்லை. என் கண் அந்தக் கணக்கில் இல்லை.