'நம்பிக்கை'யும் 'எதிர்நோக்கு'ம்: விவிலியத் தமிழில் இறுதிக்காலச் சொல்லாட்சி

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் மடலின் 4ஆம் அதிகாரம், கிறித்துவின் வருகைக்கு முன்பே இறந்துவிட்டோரின் நிலை யாது என்னும் கலக்கத்திற்கு விடை கூறுகிறது. அதன் 13ஆம் வசனத்தில் வரும் 'எல்பிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லைப் போவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'நம்பிக்கை' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'எதிர்நோக்கு' என்றும் பெயர்க்கின்றன. 'பிஸ்டிஸ்' என்பது முன்னதில் 'விசுவாசம்'; பின்னதில் 'நம்பிக்கை'. ஆக, ஒரே தமிழ்ச்சொல் இரு பதிப்புகளில் இருவேறு கிரேக்கச் சொற்களுக்கு உரியதாகிறது.

இம்மாற்றத்தை வடசொல் நீக்கம் என்று மட்டும் மதிப்பிடுவது போதாது. பழைய பதிப்பின் 'நம்பிக்கையற்றவர்' என்பதை இன்றைய வாசகர் இறைமறுப்பாளர் எனக் கொள்ள இடமுண்டு; பவுல் சுட்டுவதோ சாவுக்கு அப்பால் எதையும் எதிர்பாராதவர்களை. 'எதிர்நோக்கு' இம்மயக்கத்தைத் தீர்க்கிறது. ஆயினும் தமிழில் வறட்சியையும் எதிர்நோக்கலாம், தண்டனையையும் எதிர்நோக்கலாம். வருவது நன்மையே என்னும் உறுதி அச்சொல்லுக்குள் இல்லை. பவுல் அடுத்த வசனத்திலேயே 'பிஸ்டிஸ்' என்பதன் வினைவடிவை ஆள்கிறார். இயேசு இறந்து உயிர்த்தெழுந்தார் என்று நம்புவதே, இறந்தோரின் எதிர்காலம் பற்றிய அவரது கூற்றுக்கு அடிப்படை. கடவுளைச் சார்ந்திருத்தலும் வரவிருப்பதற்குக் காத்திருத்தலும் பிரியாத அவ்விடத்தில், தெளிவு குறைந்ததாயினும் பழைய சொல்லே பவுலின் கருத்துக்கு நெருங்கி நிற்கிறது.